சால்கினாடோபல் பாலம்: எதைக் காத்தார்கள்?

பாலங்களின் வரலாற்றைக் கூறும் நூல் எதைப் புரட்டினாலும் ஒரு நிழற்படத்தை நீங்கள் பார்க்கலாம். செங்குத்தான இரு மலைச்சரிவுகள். கீழே, மரங்களுக்கு அடியில், ஓர் ஓடை. இரு சரிவுகளையும் இணைத்துக் கொண்டு வெண்மையான ஒரு பிறை. இதுதான் சால்கினாடோபல் பாலம். சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியில் ஷியர்ஸ் என்னும் ஊரிலிருந்து ஷூடர்ஸ் என்னும் மலைச் சிற்றூருக்குச் செல்லும் பாதையில் 1929ஆம் ஆண்டு தொடங்கி 1930இல் கட்டி முடிக்கப்பட்டது. இதன் வளைவு 90 மீட்டர் அகலமுள்ள பள்ளத்தை ஒரே தாவலில் கடக்கிறது. மேலே செல்லும் பாதையோ ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம். இதனை வடிவமைத்தவர் ரோபர்ட் மையார் என்னும் பொறியாளர்.

அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் 1991இல் இப்பாலத்தை உலக வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. கான்கிரீட் பாலம் ஒன்றுக்கு அந்தச் சிறப்பு கிடைத்தது அதுவே முதன்முறை. பின்னர் 1997–98இல் பாலம் பெரிய அளவில் செப்பனிடப்பட்டது. அந்தச் செப்பனிடும் பணியைத்தான் இக்கட்டுரையில் நாம் சற்று உற்றுப் பார்க்கப் போகிறோம். பழைய கோயிலைச் செப்பனிடுவதையும் பழைய ஓவியத்தைத் துலக்குவதையும் திறனாய்வு செய்கிறோம். பழைய கான்கிரீட்டைச் செப்பனிடுவதை மட்டும் ஏனோ ஒப்பந்தக்காரர் வேலை என்று விட்டுவிடுகிறோம்.

முதலில் ஒரு குறை. இப்பாலத்தைப் புகழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அதனை ஒரு சிற்பமாகவே பார்த்தார்கள். நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் 1947இல் மையாரின் படைப்புகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. பொறியாளர் ஒருவருக்குக் கிடைத்த பெருமை என்ற வகையில் அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் சிற்பம் என்று சொன்னவுடன் நம் கண் மேற்பரப்பில் போய் நின்றுவிடுகிறது. மேற்பரப்பு பழுதானால் பாலமே பழுதாயிற்று என்றும், மேற்பரப்பைப் புதுப்பித்தால் பாலத்தைக் காத்துவிட்டோம் என்றும் எண்ணத் தொடங்குகிறோம். இரண்டும் பிழை. ஏன் பிழை என்பதை அறிய இப்பாலம் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கதை இதற்கு முன் கட்டப்பட்ட வேறொரு பாலத்தின் விரிசலில் தொடங்குகிறது.

1901இல் மையார், சுவோட்ஸ் என்னும் ஊரில் இன் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் அமைத்தார். வளைவுப் பலகையும், அதன்மேல் எழும் பக்கச் சுவர்களும், மேலே உள்ள பாதைத் தளமும் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கூடுபோல விசையைத் தாங்கும்படி செய்தார். அன்றைக்கு அது புதுமை. இரண்டே ஆண்டுகளில், கரையை ஒட்டிய பக்கச் சுவர்களில் விரிசல்கள் தோன்றின. வேறொருவராக இருந்தால் அங்கே இன்னும் கொஞ்சம் காரையைச் சேர்த்துப் பூசியிருப்பார். மையார் வேறு விதமாக எண்ணினார். விரிசல் விட்ட பிறகும் பாலம் நிற்கிறது என்றால், விரிசல் விட்ட அந்தப் பகுதிக்கு அங்கே வேலை இல்லை என்றுதானே பொருள்? 1905இல் தவனாசா என்னும் இடத்தில் கட்டிய அடுத்த பாலத்தில் அந்தச் சுவர்ப் பகுதிகளையே முக்கோணமாக வெட்டி நீக்கிவிட்டார். பிறைவடிவம் பிறந்தது இப்படித்தான். அழகுக்காக யாரும் அதை வரையவில்லை. விரிசல் வரைந்து காட்டிய கோட்டை மையார் படித்தார். தவனாசா பாலம் 1927 செப்டம்பரில் மலைச்சரிவு ஒன்றில் சிக்கி அழிந்து போயிற்று. அதன் தம்பியாகப் பிறந்ததே சால்கினாடோபல். போட்டிக்கு வந்த 19 வடிவமைப்புகளில் இதுவே செலவு குறைந்தது என்பதையும் சிற்பம் என்று புகழ்வோர் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, இந்தப் பிறையின் இயற்பியலுக்கு வருவோம்.

இப்பாலம் மூன்று கீல்களைக் கொண்ட வளைவு. கரைகளில் ஒவ்வொன்று, உச்சியில் ஒன்று. கதவின் கீல்போல இரும்பாலான உருளை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். கான்கிரீட்டையே அந்த இடங்களில் மிக ஒடுக்கி, சிறிதளவு திரும்ப இடங்கொடுப்பதுதான் இங்கே கீல். கீல் உள்ள இடத்தில் வளைவுத் திருப்புத்திறன் சுழி. அதாவது அந்த இடம் வளைக்கப்படுவதே இல்லை, அமுக்கப்படுகிறது, அவ்வளவுதான். பாலத்தின் சொந்த எடை வளைவு முழுவதிலும் பரவியிருப்பதால் பெரும்பாலும் அமுக்கமாகவே கீழே இறங்கிவிடும். தொல்லை எல்லாம் ஓடும் வண்டியால்தான். பாரவண்டி ஒன்று பாலத்தின் ஒரு பாதியில் நிற்கும்போது அந்தப் பாதி கீழே அமிழப் பார்க்கிறது. மறு பாதி மேலே புடைக்கப் பார்க்கிறது. இந்த வளைப்பு மிகுதியாக இருப்பது கரைக்கும் உச்சிக்கும் நடுவே உள்ள இடங்களில், அதாவது கால் பங்கிலும் முக்கால் பங்கிலும். எனவே மையார் அங்கே வளைவைத் தடிப்பாக்கினார். கீல்களை நோக்கிப் போகப் போக ஒல்லியாக்கினார். திருப்புத்திறனின் வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டுக்காட்டும்போதெல்லாம் இந்தப் பாலத்தின் படம் என் நினைவுக்கு வருவதுண்டு. வரைபடமும் பாலமும் ஏறக்குறைய ஒரே உருவம்.

கீல் எதற்கு? இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள். 30 செ.மீ. நீளமுள்ள இரண்டு அளவுகோல்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் இரண்டு கனமான புத்தகங்களை 58 செ.மீ. இடைவெளியில் வைத்து, அவற்றில் அடி முட்டும்படி இரண்டு கோல்களையும் சாய்த்து, நடுவில் தலைகள் ஒன்றையொன்று தாங்கும்படி நிறுத்துங்கள். உச்சி ஏறத்தாழ 7.7 செ.மீ. உயரத்தில் இருக்கும். இப்போது புத்தகங்களை 1 செ.மீ. மட்டும் நெருக்குங்கள். உச்சி 9.4 செ.மீ. உயரத்துக்கு ஏறிவிடும். கீழே அசைந்தது 1 செ.மீ.; மேலே அசைந்தது 1.7 செ.மீ. வளைவு எவ்வளவுக்கு எவ்வளவு தட்டையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பெருக்கம் கூடும்.

இதையே சால்கினாடோபல் பாலத்துக்குப் போட்டுப் பார்ப்போம். கரைக் கீலிலிருந்து உச்சிக் கீல்வரை கிடைமட்டத் தொலைவு 45 மீட்டர். உயரம் 13 மீட்டர். பித்தாகரஸ் தேற்றப்படி இரு கீல்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு 46.8 மீட்டர். கான்கிரீட்டின் நீள்விரிவுக் குணகம் ஒரு டிகிரி செல்சியசுக்கு நூறாயிரத்தில் ஒரு பங்கு எனக் கொள்வோம். ஆல்ப்சு மலையில் கடுங்குளிருக்கும் கோடைக்கும் இடையே கான்கிரீட்டின் வெப்பநிலை 30 டிகிரி மாறுவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பாதியும் 1.4 செ.மீ. நீள்கிறது. கரைகள் நகரா. ஆகவே உச்சி மேலே ஏறியாக வேண்டும். எவ்வளவு? 46.8ஐ 13ஆல் வகுத்தால் 3.6. அதனோடு 1.4ஐப் பெருக்குங்கள்: 5 செ.மீ. ஆண்டுதோறும் கோடையில் இந்தப் பாலத்தின் உச்சி ஏறத்தாழ மூன்று விரற்கடை உயர்ந்து, குளிர்காலத்தில் மீண்டும் இறங்குகிறது. கீல்கள் இருப்பதால் இந்த அசைவு எந்த விசையையும் உண்டாக்குவதில்லை. பாலம் மூச்சு விடுகிறது, அவ்வளவே.

இப்போது அந்த அளவுகோல்களின் உச்சியை, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்து ஒட்டுப்பசையால் இறுக்கிவிட்டு, புத்தகங்களை நெருக்கிப் பாருங்கள். கோல்கள் வில்லாக வளையும். பாலத்தின் கீலில் ஒரு விரிசலைக் கண்டு, நல்ல எண்ணத்தோடு யாராவது அதில் வலிமையான காரையைத் திணித்து அடைத்தால் நடக்கப் போவதும் இதுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பாலம் முன்னைவிடத் திடமாகத் தோன்றும். படத்தில் ஒரு வேறுபாடும் தெரியாது. ஆனால் அது மையாரின் பாலமாக இராது. மூன்று கீல் வளைவு இரண்டு கீல் வளைவாகியிருக்கும். வெப்பநிலை மாறும்போதெல்லாம் அதற்குத் தேவையற்ற வளைப்பு ஏற்படும். விசைகள் செல்லும் பாதை மாறிவிட்டால், அந்தப் பாதையின் உருவமாகிய பிறை வெறும் அலங்காரம் ஆகிவிடும்.

கான்கிரீட்டுக்கு ஏன் நோய் வருகிறது என்பதையும் சுருக்கமாகப் பார்க்க வேண்டும். நல்ல கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது, அதன் பி.எச். 12.5க்கு மேல் இருக்கும். இந்தக் காரச் சூழலில் எஃகுக் கம்பியின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி அதைத் துருவிலிருந்து காக்கிறது. ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே புகுந்து, அங்குள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றுகிறது. காரத்தன்மை 9 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதன்பின் ஈரமும் காற்றும் கிடைத்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைப்பதால், மேலே உள்ள கான்கிரீட்டைச் செதிள் செதிளாகப் பிளந்து தள்ளுகிறது.

இந்தக் கார்பன் டை ஆக்சைடு உள்ளே செல்லும் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆழம் காலத்தின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 20 ஆண்டுகளில் 1 செ.மீ. ஆழம் சென்றால், 2 செ.மீ. செல்ல 40 ஆண்டுகள் அல்ல, 80 ஆண்டுகள் வேண்டும். கம்பிக்கு மேல் உள்ள உறையை இரட்டிப்பாக்கினால் பாதுகாப்பு நான்கு மடங்காகிறது! 1920களில் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. மெல்லிய உறுப்புகளை விரும்பிய மையார், கம்பிகளுக்கு மேல் உறையையும் மெலிதாகவே விட்டார். அக்காலத்துப் பொறியாளர் எல்லோரும் செய்தது அதுவே. மலைப்பகுதியில் இதோடு உறைபனியும் சேர்கிறது. உறையும் நீர் 9 விழுக்காடு பருமனில் பெருகும். நுண்துளைகளில் தங்கிய நீர் ஒவ்வோர் இரவும் உறைந்து ஒவ்வொரு பகலும் உருகினால் எந்தக் கான்கிரீட் தாங்கும்?

ஆகவே பகைவன் நீர். 1997–98இல் செய்த பணிகளில் நான் முதலிடம் தருவது படத்தில் தெரியாத ஒரு வேலைக்குத்தான்: பாதைத் தளத்துக்கு நீர்க்காப்பிட்டு, மழைநீர் வளைவின்மீது வழியாதபடி செய்தது. இதைப் புகழ்ந்து யாரும் கவிதை எழுதப் போவதில்லை. ஆனால் தளத்தில் நீர் புகாமல் இருந்தால் கீழே உள்ள சுவருக்கும் வளைவுக்கும் வரும் நோயில் பெரும்பகுதி வராமலே போய்விடும். பழைய பாலத்தைக் காப்பதில் இதுவே தலையாய மருத்துவம் என்பது என் எண்ணம்.

அடுத்தது, கேள்விக்குரியது. பாலத்தின் கெட்டுப்போன மேல்தோலை நீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சி நீக்கிவிட்டு, அதன்மேல் புதிய கான்கிரீட்டைத் தெளித்து ஒரு படலம் ஏற்றினார்கள். சம்மட்டியும் உளி இயந்திரமும் கொண்டு கொத்தாமல் நீரைப் பயன்படுத்தியது நல்ல முடிவு. இயந்திர அதிர்வு நல்ல கான்கிரீட்டிலும் நுண்விரிசல்களை உண்டாக்கும். புதிய படலம் கம்பிகளுக்கு மீண்டும் காரச் சூழலைத் தருகிறது, உறையைக் கூட்டுகிறது. மேலே சொன்ன இருமடிக் கணக்கின்படி பார்த்தால் இதனால் பாலத்தின் ஆயுள் எவ்வளவு கூடும் என்பதை நீங்களே மதிப்பிடலாம்.

ஆனால் விலை இல்லாமல் இல்லை. 3 செ.மீ. தடிப்புள்ள படலம் ஒரு சதுர மீட்டருக்கு 72 கிலோகிராம் எடை. எத்தனை நூறு சதுர மீட்டர் என்று பெருக்கினால் எடை சிறியதாக இராது. எனினும் வளைவு முழுவதும் ஏறக்குறையச் சீராகப் பரவும் எடை அமுக்கமாகவே இறங்கும் என்பதால் இதனால் பெரிய கேடு இல்லை. புதிய படலம் உலரும்போது சுருங்கும், பழையது முன்பே சுருங்கி முடித்துவிட்டது; இரண்டுக்கும் இடையே இழுபறி உண்டு. அதையும் ஒட்டும் வலிமை தாங்கிக்கொள்ளும். உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது.

1930இல் கான்கிரீட் ஊற்றியபோது அதைத் தாங்கி நின்றது மரச்சாரம். அதைக் கட்டியவர் ரிச்சர்ட் கோராய் என்னும் புகழ்பெற்ற சாரக் கலைஞர். விசிறிபோல விரிந்து நின்ற அந்தச் சாரமும் ஒரு வியப்புதான். மையார் முதலில் மெல்லிய வளைவுப் பலகையை மட்டும் ஊற்றச் செய்தார். அது இறுகியபின் அதையே தாங்கியாகக் கொண்டு சுவர்களையும் தளத்தையும் எழுப்பினார். எனவே சாரம் பாலம் முழுவதையும் தாங்க வேண்டியிருக்கவில்லை. மெல்லிய சாரமே போதுமாயிற்று. செலவு குறைந்ததன் மறைபொருள் இதில்தான் இருக்கிறது. இந்த வரலாறு முழுவதும் பழைய தோலில் எழுதப்பட்டிருந்தது. அச்சுப் பலகைகளின் மரவரிகள், ஒரு நாள் வேலை நின்று மறுநாள் தொடங்கிய இணைப்புக் கோடுகள், பலகை மாறிய இடங்கள் எல்லாம் அதில் பதிந்திருந்தன. கல்வெட்டைப் படிப்பதுபோல் அதைப் படிக்கலாம். இன்று ஷூடர்ஸ் பாதையில் போய் நிற்பவர் தொட்டுப் பார்க்கும் மேற்பரப்பில் பெரும்பகுதி 1930இன் கான்கிரீட் அல்ல.

பிறகு என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். தோலைக் காக்க வேண்டுமென்று கம்பியைத் துருப்பிடிக்க விட முடியாது. அதில் எனக்கு ஐயமில்லை. எலும்பா, தோலா என்றால் எலும்புதான். மூன்று கீல்களும் கீல்களாகவே இருக்கின்றன. பிறை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. ஊர்க்காரர்களின் வண்டிகள் அதன்மேல் ஓடுகின்றன. அந்த அளவில் பணி வெற்றியே. ஆனால் இத்தகைய பணி எங்கு நடந்தாலும், மழைபடாத ஓரிடத்தில், நோய் பற்றாத சில சதுர மீட்டர் பழைய தோலையாவது தொடாமல் விட்டுவைப்பது கடமை என்பேன். அது அழகுக்காக அல்ல. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளர், 1930இன் கான்கிரீட்டில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது என்று அளக்க விரும்பினால் அவருக்கு ஓர் இடம் வேண்டாமா? தோல் முழுவதையும் புதுப்பித்துவிட்டு, பாலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்வது மட்டும் ஒப்புக்கொள்ளத் தக்கதன்று. பழைய நிலை என்பது ஒரு சான்று. சான்றை நீக்கியபின் கிடைப்பது நல்ல நகல்.

கைப்பிடிச் சுவர்களையும் அப்போது புதிதாக வார்த்தார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சால்கினாடோபலில் வண்டிகளின் சுமையைத் தாங்குவது வளைவும் பக்கச் சுவரும் தளமும் சேர்ந்த கூடு. கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் வேலிதான். அதை மாற்றுவதில் பெருந்தவறில்லை. ஆனால் அதே மையார் 1925இல் அதே மலைப்பகுதியில் வடிவமைத்த வால்ட்ஷீல் பாலத்தைப் பாருங்கள். 43 மீட்டர் நீளமுள்ள அதன் வளைவு உச்சியில் வெறும் 23 செ.மீ. தடிப்பு. ஒரு முழத்தில் பாதி! பாரவண்டியின் வளைப்பைத் தனியே தாங்க அதனால் முடியாது. அந்த வளைப்பைத் தாங்குவது மேலே உள்ள தளத்தின் விறைப்பு. அந்த விறைப்பைத் தருவது கைப்பிடிச் சுவர். அங்கே அது வேலியல்ல, விட்டம். பாதுகாப்பு விதிகளைக் காட்டி, பழைய சுவரை எடுத்துவிட்டுக் கண்ணுக்கு இதமான எஃகுக் கம்பி வேலி போடலாம் என்று யாரேனும் அங்கே சொன்னால் அது பாலத்தின் முதுகெலும்பை எடுப்பதற்குச் சமம். இரண்டு பாலங்களிலும் கைப்பிடிச் சுவர் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. ஒன்றைத் தொடலாம், மற்றதைத் தொடக்கூடாது என்று எந்த நிழற்படமும் சொல்லாது. விசைகளின் கணக்கு மட்டுமே சொல்லும்.

இன்னொரு செய்தி. தம் பாலத்தில் மையாருக்கே ஒரு மனக்குறை இருந்தது. வளைவின் அடிப்பகுதி உச்சியில் வழவழவென்று தொடர்ந்து வளைந்து செல்வதை அவர் பிற்காலத்தில் ஏற்கவில்லை. கல் வளைவுகளின் பழக்கம் தம்மை அங்கே இழுத்துவிட்டது என்று கருதினார். உச்சியில் கீல் இருக்கும்போது இரண்டு பாதிகளும் தனித்தனி உறுப்புகள். அவை சந்திக்கும் இடத்தில் ஒரு முனை தெரிவதே நேர்மை. 1933இல் ஃபெல்செக் பாலத்திலும் 1936இல் ஜெனீவாவுக்கு அருகே வெஸ்ஸி பாலத்திலும் அப்படியே உச்சியை முறித்துக் காட்டினார். 1940இல் அவர் மறைந்தார்.

அப்படியானால் செப்பனிடும்போது சால்கினாடோபலின் உச்சியையும் அவர் விரும்பியபடி முறித்துத் திருத்தியிருக்கலாமே என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. படைத்தவரே பிழை என்று சொன்னதை நாம் ஏன் காக்க வேண்டும்? என் விடை இது: 1930இல் ஒரு பெரும் பொறியாளர் எதை அறிந்திருந்தார், எதை இன்னும் அறியவில்லை என்பதை அந்த வழவழப்பான உச்சி காட்டுகிறது. அதைத் திருத்திவிட்டால் ஃபெல்செக் பாலத்தில் அவர் எடுத்து வைத்த அடுத்த அடி எங்கிருந்து எடுத்தது என்பது தெரியாமல் போய்விடும். மாணவர் ஒப்புக்கொள்ளவில்லை. சுவோட்ஸ் பாலத்தின் விரிசலைப் பார்த்துச் சுவரை வெட்டியவர் தம் சொந்தப் பிழையையும் வெட்டத்தான் சொல்லியிருப்பார் என்கிறார். அவரோடு அந்த வழக்கு எனக்கு இன்னும் தீரவில்லை.